புராஸ்டேட் வீக்கம்: சிறுநீர்த் தடை நீங்கட்டும், இல்லற இன்பம் குன்றாதிருக்கட்டும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மனைவியுடன் வந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. இரவில் ஐந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்கிறார், கழித்து முடித்த பிறகும் மிச்சம் இருப்பதுபோலவே இருக்கிறது என்று மனைவிதான் எல்லாவற்றையும் விவரித்தார். எட்டு மாதங்களுக்கு முன்பே ஒரு மருத்துவர் புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். "தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன். "ஆம்" என்று தலையசைத்தார்.

பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு மனைவி வெளியே சென்றதும், நாற்காலியைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டர், அந்த மாத்திரையை மூன்றே வாரத்தில் நிறுத்திவிட்டேன். அதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து விந்து வருவதே நின்றுவிட்டது. நரம்பு செத்துப்போய்விட்டது என்று பயந்துவிட்டேன். இவளிடம்கூடச் சொல்லவில்லை" என்றார்.

அன்று எடுத்த ஸ்கேனில், சிறுநீர் கழித்த பிறகும் அவருடைய சிறுநீர்ப்பையில் அரை லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் வீங்கத் தொடங்கியிருந்தன. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு உயர்ந்திருந்தது. அவரைப் பயமுறுத்திய விளைவோ, மாத்திரையை மாற்றினாலே நீங்கிவிடக்கூடியது. ஐந்து நிமிட விளக்கம் கிடைக்காத காரணத்தால் அவர் தம் சிறுநீரகத்தையே பணயம் வைத்திருந்தார்.

தவறு அவருடையது மட்டுமன்று. நான் மேற்படிப்புப் பயிற்சியில் இருந்த காலத்தில், புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது இரத்தப்போக்கு, கிருமித்தொற்று ஆகியவற்றைச் சொல்வேன். விந்து வெளியேற்றம் மாறும் என்பதைச் சொல்லமாட்டேன். ‘இந்த வயதில் இவருக்கு அது எதற்கு?’ என்ற எண்ணம்தான் காரணம். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்த ஒருவர், "முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஐயா" என்று மட்டும் கூறிவிட்டுச் சென்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு இதைச் சொல்லாமல் நான் எவரையும் அறுவை அரங்குக்கு அனுப்பியதில்லை. நோயாளி கேட்கத் தயங்குவதையும் மருத்துவர் சொல்ல மறப்பதையும் வெளிப்படையாகப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புராஸ்டேட் என்பது என்ன?

ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, ஒரு மோதிரம் விரலைச் சூழ்வதுபோல் அமைந்திருக்கிறது. இளம் வயதில் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். விந்துவில் கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பதே இதன் முதன்மையான வேலை.

வயது ஏற ஏற, ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் இச்சுரப்பியின் உட்பகுதி வளர்கிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இவ்வளர்ச்சி தொடங்கியிருக்கும். எண்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். இவர்கள் அனைவருக்கும் தொல்லை வருவதில்லை. வளர்ச்சி குழாயை நெருக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆயினும் ஒரே சுரப்பியில் இரண்டும் தனித்தனியே தோன்றக்கூடும் என்பதால், தகுந்த பரிசோதனையின் மூலம் புற்றுநோய் இல்லை என உறுதி செய்துகொள்கிறோம்.

அறிகுறிகளை மதிப்பிடுதல்

சிறுநீர் கழிக்கத் தொடங்கத் தாமதம், மெலிந்த ஓட்டம், விட்டுவிட்டு வருதல், முக்கிக் கழித்தல், முழுவதும் வெளியேறாத உணர்வு ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். அடிக்கடி கழித்தல், அடக்க இயலாத அவசரம், இரவில் பலமுறை எழுதல் ஆகியவை சிறுநீர்ப்பை எரிச்சலுற்றதன் அறிகுறிகள்.

இவற்றை அளக்க ஏழு வினாக்கள் கொண்ட பன்னாட்டு மதிப்பெண் தாள் ஒன்று உள்ளது. மொத்த மதிப்பெண் 35. ஏழு வரை இருந்தால் லேசான தொல்லை. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-உம் அதற்கு மேலும் கடுமை. இத்துடன், ‘இந்நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் இருக்க நேர்ந்தால் எப்படி உணர்வீர்கள்?’ என்ற எட்டாவது வினாவும் உண்டு. சிகிச்சையைத் தீர்மானிப்பதில் சுரப்பியின் எடையைவிட இவ்வினாவுக்கான பதில் பல நேரங்களில் கூடுதலாக உதவுகிறது. 70 கிராம் சுரப்பியுடன் தொல்லையின்றி வாழ்பவரும் உண்டு. 30 கிராம் சுரப்பியால் துன்புறுபவரும் உண்டு.

பாலுறவுத் திறன் என்பது ஒன்றல்ல, நான்கு

"ஆண்மை போய்விடுமா?" என்றே பெரும்பாலோர் கேட்கின்றனர். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு தனித்தனிச் செயல்கள் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்து அறிந்துகொண்டால் அச்சத்தில் பாதி நீங்கிவிடும்.

முதலாவது, நாட்டம். இது மூளையையும் ஆண் ஹார்மோனையும் மனநிலையையும் சார்ந்தது.

இரண்டாவது, விறைப்பு. இதற்கான நுண்ணிய நரம்புகளும் இரத்தக்குழாய்களும் புராஸ்டேட்டின் உறைக்கு வெளியே, இருபுறமும் ஓடுகின்றன. வீக்கத்துக்கான அறுவை சிகிச்சை உறைக்கு உள்ளேயே நடைபெறுகிறது. ஆரஞ்சுப் பழத்தின் தோலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சுளையை மட்டும் எடுப்பதைப் போன்றது இது. புராஸ்டேட் புற்றுநோய்க்குச் செய்யப்படும் அறுவையில் சுரப்பி உறையோடு முழுவதுமாக அகற்றப்படுகிறது. அதனால் விறைப்புக் குறைபாடு அங்கே அதிகம். இவ்விரண்டு அறுவைகளையும் ஒன்றெனக் கருதுவதால்தான் தேவையற்ற பீதி பரவுகிறது.

மூன்றாவது, விந்து வெளியேற்றம். உச்சநிலையில் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி இறுக மூடிக்கொள்ளும்; அதனால் விந்து முன்னோக்கிப் பாயும். அக்கழுத்து மருந்தினால் தளர்ந்தாலோ, அறுவையினால் அகன்றாலோ, விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது அதனுடன் கலந்து வெளியேறும். அப்போது சிறுநீர் சற்றுக் கலங்கலாக இருக்கும்.

நான்காவது, உச்சநிலை இன்பம். இது நரம்பு மண்டலத்தின் அனுபவம். விந்து வெளியே வராவிட்டாலும் பெரும்பாலோருக்கு இது நீடிக்கிறது. சிலர் முன்பைவிடச் சற்றுக் குறைந்ததாக உணர்கின்றனர்.

விந்து வெளியேறுவது நின்றால் உடல் தளர்ந்துவிடும் என்றும், உள்ளே தேங்கினால் நோய் வரும் என்றும் நம்மிடையே பல நம்பிக்கைகள் உள்ளன. விந்து பின்னோக்கிச் செல்வதால் உடலின் வலிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை, நோயும் வருவதில்லை. இதனால் பாதிக்கப்படுவது குழந்தைப்பேறு மட்டுமே. ஆதலால் இன்னும் குழந்தை வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதனைத் தெரிவிக்க வேண்டும். அதே வேளையில், இதனைக் கருத்தடை முறையாக நம்பிவிடவும் கூடாது.

நோயே முதல் காரணமாக இருக்கலாம்

சிகிச்சையால்தான் பாலுறவுத் திறன் குறைகிறது என்பது முழு உண்மை அன்று. அமெரிக்காவிலும் ஆறு ஐரோப்பிய நாடுகளிலும் 50 முதல் 80 வயது வரையிலான பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2003-ஆம் ஆண்டில் வெளியானது. சிறுநீர்த் தொல்லை கடுமையாக ஆக, விறைப்புக் குறைபாடும் விந்து வெளியேற்றக் குறைபாடும் அதிகரிப்பதை அது காட்டியது. வயது, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நீடித்தது. இரவில் ஐந்து முறை உறக்கம் கலைபவருக்கு உடலுறவில் நாட்டம் குறைவது வியப்பன்று.

எனவே சிகிச்சை தொடங்கும் முன்னரே உங்கள் பாலுறவு நிலை எப்படி உள்ளது என்பதை மருத்துவரிடம் கூறிப் பதிவு செய்துகொள்ளுங்கள். இல்லையேல், பின்னர் வரும் மாற்றம் நோயினாலா, மருந்தினாலா, நீரிழிவினாலா என்று பிரித்தறிவது கடினம். மேலும், புதிதாகத் தோன்றும் விறைப்புக் குறைபாடு இதய இரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். அதனை வெட்கத்தால் மறைப்பது இதயத்துக்கும் நல்லதன்று.

தேவையான பரிசோதனைகள்

சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்தல், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், சிறுநீர் ஓட்ட வேகத்தை அளத்தல் ஆகியவை வழக்கமானவை. ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். ஆயினும் சிறுநீர்ப்பைத் தசை பலவீனமடைந்திருந்தாலும் வேகம் குறையும். நீண்டகால நீரிழிவு உள்ளவர்களிடம் இதனைத் தனியே கவனிக்கிறோம்.

மருந்துக்கு முன் சில மாற்றங்கள்

லேசான தொல்லைக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். படுக்கைக்குச் செல்லும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதுமான அளவைக் குறைக்க வேண்டியதில்லை. மாலைக்குப் பிறகு காபி, தேநீர், மது ஆகியவற்றைத் தவிர்க்கலாம். மலச்சிக்கல் சிறுநீர் அடைப்பை மோசமாக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை உட்கொள்பவர்கள், அதனைக் காலையிலேயே சாப்பிடலாமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: சளிக்கும் மூக்கடைப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமைன், சூடோஎபெட்ரின் போன்றவை, புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை முற்றிலும் அடைத்துவிடக்கூடும். கதீட்டர் பொருத்தும் அவசர நிலையில் வருபவர்களிடம், "இரண்டு நாளாகச் சளி மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று தவறாமல் கேட்கிறோம்.

மருந்துகளும் அவற்றின் பாலுறவு விளைவுகளும்

ஆல்ஃபா தடுப்பான்கள்: சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையையும் புராஸ்டேட்டின் தசையையும் தளர்த்துபவை. சில நாள்களிலேயே ஓட்டம் சீராகத் தொடங்கும். விறைப்பை இவை பொதுவாகப் பாதிப்பதில்லை. விந்து வெளியேற்றத்தின் மீதான விளைவு மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. சிலோடோசின் உட்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேருக்கு விந்து குறைவதோ நின்றுபோவதோ அமெரிக்க ஆய்வுகளில் காணப்பட்டது. டாம்சுலோசினில் இது அதைவிடக் குறைவு. அல்ஃபூசோசினில் மிக அரிது. மருந்தை நிறுத்தினாலோ மாற்றினாலோ இவ்விளைவு நீங்கிவிடும். நம் ஆசிரியருக்கு நேர்ந்தது இதுவே.

எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரக்கூடும் என்பதால் இம்மருந்தை இரவில் உட்கொள்வது நலம். கண்புரை அறுவைக்குத் திட்டமிட்டிருந்தால் கண் மருத்துவரிடம் இம்மருந்தைப் பற்றிக் கட்டாயம் கூறுங்கள். அறுவையின்போது கண்ணின் கருவிழிப் படலம் தளர்ந்து சிக்கல் ஏற்படலாம்.

ஹார்மோன் மாற்றத் தடுப்பான்கள்: ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகியவை இவ்வகை. டொமினிகன் குடியரசில், ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாட்டுடன் பிறந்த ஆண்களின் புராஸ்டேட் வாழ்நாள் முழுவதும் சிறியதாகவே இருப்பதை 1970-களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அந்த நொதியைத் தடுக்கும் மருந்து உருவானதற்கு அக்கண்டுபிடிப்பு வழிகாட்டியது. பெரிய சுரப்பியை ஓராண்டில் 20 முதல் 25 சதவீதம் வரை சுருக்கும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நான்கு ஆண்டுகள் நடந்த ஆய்வில், ஃபினாஸ்டெரைடு திடீர்ச் சிறுநீர் அடைப்பையும் அறுவைத் தேவையையும் பாதிக்கு மேல் குறைத்தது.

பாலுறவு விளைவுகள் இவ்வகையில்தான் கவனத்துக்குரியவை. நாட்டம் குறைதல், விறைப்புக் குறைதல், விந்துவின் அளவு குறைதல் ஆகிய மூன்றுமே நேரலாம். மேற்கூறிய ஆய்வின் முதலாண்டில், மருந்து உட்கொண்டவர்களில் 15 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை உட்கொண்டவர்களில் 7 சதவீதத்தினரும் இத்தகைய விளைவுகளைத் தெரிவித்தனர். வெற்று மாத்திரைக்கே 7 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். வயதும் கவலையும் தம் பங்கைச் செலுத்துகின்றன. மருந்தை நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு நிலைமை சீராகிறது. சிலர் நீடித்த பாதிப்பைக் கூறுவதும் உண்டு. சிலருக்கு மார்பகம் வீங்கலாம். இதனை மறைக்காமல் கூற வேண்டும். இம்மருந்து பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், பரிசோதனைக்குச் செல்லும்போது இதனை உட்கொள்வதைத் தெரிவிக்க வேண்டும். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது.

தினசரி டடாலஃபில் 5 மில்லிகிராம்: விறைப்புக் குறைபாட்டுக்கான இம்மருந்து சிறுநீர்த் தொல்லையையும் குறைப்பது கண்டறியப்பட்டு, 2011-இல் அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கும் அனுமதிக்கப்பட்டது. இரண்டு தொல்லையும் ஒருங்கே உள்ளவர்களுக்கு இது பொருத்தமானது. சுரப்பியை இது சுருக்குவதில்லை. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகளை உட்கொள்பவர்கள் இதனைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடும்.

‘மூலிகை’ என்ற பெயரில் ஆண்மை பெருக்குவதாக விளம்பரம் செய்யப்படும் பொருள்கள் சிலவற்றில், இக்குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் நடந்த சோதனைகளில் தெரியவந்துள்ளது. இதய நோயாளிக்கு அது உயிராபத்து.

எப்போது மருந்து போதாது?

பின்வரும் நிலைகளில் அறுவை அல்லது அதற்கு இணையான சிகிச்சை தேவைப்படும்: கதீட்டரை எடுத்த பிறகும் சிறுநீர் மீண்டும் அடைத்துக்கொள்ளுதல், சிறுநீரகம் பாதிக்கப்படுதல், சிறுநீர்ப்பையில் கல், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று, சுரப்பியிலிருந்து மீண்டும் மீண்டும் இரத்தக்கசிவு, மருந்தினால் போதிய பயன் கிட்டாமை அல்லது மருந்தைத் தாங்க இயலாமை.

இங்கே ஒன்றை உறுதியாகக் கூற வேண்டும். சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிலையில், அடைப்பை முழுமையாக நீக்குவதே முதற்கடமை. அதனைத் தள்ளிப்போட்டால் சிறுநீர்ப்பைத் தசை நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். பின்னர் அறுவை செய்தாலும் கதீட்டரிலிருந்து விடுதலை கிடைக்காமல் போகலாம். கதீட்டரோடு வாழ்வதைவிட இல்லற வாழ்வைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை.

அறுவை முறைகள்: எதில் எது காக்கப்படுகிறது?

டியூஆர்பி: சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, மின்கம்பி வளையத்தால் சுரப்பியைச் சீவி எடுக்கும் முறை. பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. பலன் உறுதியானது, நெடுநாள் நீடிப்பது. நூற்றில் 65 முதல் 75 பேருக்கு விந்து பின்னோக்கிச் செல்கிறது. விறைப்பு பெரும்பாலோருக்கு மாறுவதில்லை. அமெரிக்காவில் 556 பேரிடம் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், இந்த அறுவை செய்துகொண்டவர்களிடம் விறைப்புக் குறைபாடு, அறுவையின்றிக் கண்காணிக்கப்பட்டவர்களைவிட அதிகரிக்கவில்லை.

ஹோல்மியம் லேசர்: லேசரின் துணையால் சுரப்பியின் உட்பகுதியை முழுவதுமாகக் குடைந்தெடுக்கும் முறை. 100 கிராமுக்கு மேற்பட்ட சுரப்பிக்கும் வயிற்றைத் திறக்காமலே செய்யலாம், இரத்தப்போக்கு குறைவு. விந்து வெளியேற்றத்தைப் பொறுத்தவரை டியூஆர்பியைப் போன்றதே. ‘லேசர்’ என்றாலே எல்லாம் காக்கப்படும் என்ற எண்ணம் தவறு.

விந்து வழியைக் காக்கும் அறுவை: விந்துக் குழாய்கள் திறக்கும் சிறு மேட்டைச் சுற்றியுள்ள திசுவை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விட்டுவைத்து, மற்ற பகுதியை மட்டும் அகற்றும் நுட்பம். டியூஆர்பியிலும் லேசரிலும் இதனைக் கையாளலாம். தகுந்தவரிடம், அனுபவமுள்ள கையால் செய்யப்படும்போது பலருக்கு விந்து வெளியேற்றம் நீடிக்கிறது. உறுதிமொழி அளிக்க இயலாது. விட்டுவைத்த திசு பின்னாளில் வளரவும் கூடும்.

நீர்த்தாரை முறை: ஸ்கேன் படத்தைப் பார்த்து எல்லையை வரையறுத்து, வேகமாகப் பாயும் நீர்த்தாரையால் ரோபோ இயந்திரம் திசுவை அகற்றும். 2018-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், விந்து வெளியேற்றம் நின்றவர்கள் டியூஆர்பியில் 36 சதவீதம், நீர்த்தாரையில் 10 சதவீதம். முன்னர்க் கூறிய எண்ணோடு இது வேறுபடுவதற்குக் காரணம், குறைதலையும் முற்றிலும் நிற்றலையும் ஆய்வுகள் வெவ்வேறாகக் கணக்கிடுவதே.

யூரோலிஃப்ட்: சுரப்பியை வெட்டாமல், திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டுவதுபோல், நுண்ணிய கொக்கிகளால் இருபுறமும் இழுத்து வைக்கும் முறை. விறைப்பும் விந்து வெளியேற்றமும் மிக நன்றாகக் காக்கப்படுகின்றன. மிகப் பெரிய சுரப்பிக்குப் பொருந்தாது. ஓட்டத்தில் கிடைக்கும் முன்னேற்றம் டியூஆர்பியைவிடக் குறைவு. ஐந்தாண்டு ஆய்வொன்றில் நூற்றில் 13 அல்லது 14 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

நீராவி முறை: ரெசூம் எனப்படும் இச்சிகிச்சையில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது நொடிகள் நீராவியைச் செலுத்தித் திசுவைச் செயலிழக்கச் செய்கின்றனர். 30 முதல் 80 கிராம் வரையிலான சுரப்பியில் இது ஆராயப்பட்டது. பாலுறவுத் திறன் பெரும்பாலும் காக்கப்படுகிறது. ஐந்தாண்டில் மறு அறுவை தேவைப்பட்டோர் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சில நாள்களுக்குக் கதீட்டரும் எரிச்சலும் இருக்கும்.

இரத்தக்குழாய் அடைப்பு முறை: தொடை அல்லது மணிக்கட்டு இரத்தக்குழாய் வழியாக நுண்துகள்களைச் செலுத்தி, சுரப்பிக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும் முறை. விந்து வெளியேற்றப் பாதிப்பு டியூஆர்பியைவிடக் குறைவு. ஓட்டத்தில் முன்னேற்றமும் குறைவு.

இவற்றில் புதிய முறைகள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை, செலவும் கூடுதல். டியூஆர்பியும் லேசரும் பரவலாகக் கிடைக்கின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பொதுவாக, எவ்வளவு திசு அகற்றப்படுகிறதோ அவ்வளவுக்கு ஓட்டம் சீராகும், பலன் நீடிக்கும். அவ்வளவுக்கு விந்து வெளியேற்றம் மாறவும் வாய்ப்புண்டு. குறைவாகத் தொடும் முறைகள் பாலுறவுத் திறனைக் காக்கும். மீண்டும் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு கூடும். இவ்விரண்டுக்கும் இடையே தராசு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நோயாளியே தீர்மானிக்க வேண்டும். "இரவில் நிம்மதியாக உறங்கினால் போதும்" என்பவரும் உண்டு. "ஐந்து வருடம் கழித்து இன்னொரு முறை வரவும் தயார், இப்போது இது போகக் கூடாது" என்பவரும் உண்டு. இரண்டும் நியாயமான பதில்களே.

மருத்துவரிடம் இவ்வினாக்களைக் கேளுங்கள். தாளில் எழுதிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது:

• என் சுரப்பியின் அளவு என்ன? சிறுநீர் கழித்த பின் எவ்வளவு தேங்குகிறது? சிறுநீரகம் எப்படி உள்ளது?
• இந்த மருந்து நாட்டம், விறைப்பு, விந்து வெளியேற்றம் ஆகிய மூன்றில் எதனைப் பாதிக்கக்கூடும்? மாற்று மருந்து உண்டா?
• எனக்கு இப்போதே அறுவை தேவையா, காத்திருக்கலாமா?
• விந்து வழியைக் காக்கும் முறை எனக்குப் பொருந்துமா? இங்கே செய்யப்படுகிறதா?
• அறுவைக்குப் பின் எப்போது உடலுறவில் ஈடுபடலாம்? (டியூஆர்பி, லேசர் போன்றவற்றுக்குப் பின் வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்கச் சொல்கிறோம்.)

மனைவியருக்கும் குடும்பத்தினருக்கும்

உங்கள் கணவர் திடீரென்று விலகியிருந்தால், அது வெறுப்பினாலோ அலட்சியத்தினாலோ அன்றி அச்சத்தினாலும் இருக்கலாம். மாத்திரை அட்டையில் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் கடிந்துகொள்ளாமல், "இதைச் சாப்பிட்டால் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். சிகிச்சை முறையை விளக்கும் நாளில் உடன் வாருங்கள். மருத்துவரிடம் தனியே பேச அவர் விரும்பினால், சற்று நேரம் வெளியே இருப்பதும் ஓர் உதவியே. மகனோ மகளோ உடன் வரும்போது பல தந்தையர் இதைப் பேசவே மாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உடனே வர வேண்டிய நிலைகள்

சிறுநீர் முற்றிலும் அடைத்து அடிவயிறு வலித்தல், சிறுநீரில் இரத்தக் கட்டிகள், குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல், வலியின்றியே சிறுநீர் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஒழுகுதல், கால் முகம் வீங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இரவு பகல் பாராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

இறுதியாக

தொடக்கத்தில் கூறிய ஆசிரியருக்குச் சில நாள்கள் கதீட்டர் பொருத்தினோம். சிறுநீரகம் பெருமளவு தேறியது. எல்லா முறைகளையும் அவரிடமும், அவர் சம்மதத்துடன் அவர் மனைவியிடமும் விளக்கினோம். சிறுநீரகம் ஏற்கெனவே ஒரு முறை பாதிக்கப்பட்டிருந்ததால், அடைப்பை முழுமையாக நீக்கும் லேசர் அறுவையை அவர் தேர்ந்தெடுத்தார். விந்து வெளியே வராமல் போகலாம் என்பதை அறிந்தே கையெழுத்திட்டார்.

நான்கு மாதங்களுக்குப் பின் இருவரும் வந்தனர். விந்து வருவதில்லை என்றார். சிறுநீரில் கலங்கலாகப் போவதைத் தாமே கண்டதாகவும் கூறினார். ‘வேறு ஏதேனும் குறை உண்டா?’ என்று கேட்டேன். மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை, டாக்டர். இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறேன்" என்றார். அம்மையார் புன்னகையுடன் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் முறை எழுதித் தந்த மாத்திரையுடன் இந்த விளக்கமும் கிடைத்திருந்தால், அவர் அந்த எட்டு மாதங்களை அச்சத்தில் கழித்திருக்கமாட்டார். நீங்கள் உட்கொள்ளும் மாத்திரை உங்கள் இல்லற வாழ்வைப் பாதிப்பதாகத் தோன்றினால், அதனை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். எங்களிடம் வந்து கூறுங்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். நீங்கள் கூறப்போவது எதுவாயினும், அதனை நாங்கள் முன்பே பலரிடம் கேட்டிருக்கிறோம்.